பூங்கோரைப் பயிற்சி: ஒருநாள் வகுப்பு பற்றிச் சங்கத்தின் நிலைப்பாடு

2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மன்னார் வளைகுடாவில் நடந்ததை உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பூங்கோரை என்னும் பாசி படர்ந்து கடல் பச்சையானது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அந்தக் கடலில் கடல் விராலும் கொடுவாவும் கூண்டில் வளர்ப்போருக்கான பாசிப் பயிற்சியை ஒரே நாள் வகுப்பாக முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை இப்போது வந்திருக்கிறது. சங்கத்தின் செயற்குழு பயிற்சியைக் கொள்கையளவில் வரவேற்கிறது. அதன் தற்போதைய வடிவத்தை ஏற்கும் நிலையில் இல்லை.

காரணம், நேரம். பூங்கோரை எனும் நாக்டிலுகா நஞ்சு சுரந்து மீனைக் கொல்வதில்லை. அது உடலுக்குள் தேக்கிய அம்மோனியா நீரில் கசிகிறது. திரள் செத்து அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை ஓரளவு ஈடுகட்டும், இரவில் அதுவும் கிடையாது. விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். காலை பத்து மணிக்குக் குளிரூட்டிய அறையில் படம் காட்டி, தேநீர் கொடுத்து, சான்றிதழோடு அனுப்பிவைத்தால் இதில் எதைக் கற்பது? வகுப்பு இருட்டோடு, படகில் நடக்கட்டும். துடுப்பு பட்ட இடம் நீலமாக மின்னுகிறதா என்று பார்க்கப் பழக்கட்டும். கடல்நீரைக் கண்ணாடித் தம்ளரில் அள்ளி அசையாமல் வைத்தால் பொடி ரவைபோல மணிகள் மேலே வந்து ஒதுங்குவதைக் காட்டட்டும். ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் கூண்டுக்குள் இறக்கி, ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமை நெருங்கினாலே தீனியை நிறுத்தச் சொல்லட்டும். தின்ற மீனுக்குச் செரிமானத்துக்கே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும்.

மீன் செத்த பிறகு "கவனிக்காமல் விட்டார்கள்" என்று வளர்த்தவர் தலையில் பழியைக் கட்டுவது வருத்தத்துக்குரியது. (செயற்குழுவில் பலர் கேட்டது இதைவிடச் சூடான சொல்.) 2016இல் சிலியின் சால்மன் பண்ணைகள் பாசியால் ஏறத்தாழ 39,000 டன் மீனை இழந்தன. ஆய்வகமும் பணமும் உள்ள தொழிலுக்கே அந்தக் கதி. பயிற்சிக்கு வந்தவர் என்ற காரணத்தைக் காட்டி நிவாரணத்தை மறுக்கும் பேச்சை, எந்த வடிவத்தில் வந்தாலும், சங்கம் ஏற்காது.

பாசியை அடக்கக் கொரியாவில் செய்வதுபோலக் களிமண் தூவுவது பற்றி இப்போதைக்குக் கருத்தில்லை. பக்கத்திலேயே பவளப்பாறைகள் இருக்கின்றன. கூண்டுக் குழுப் பெண்களையும் பயிற்சியில் சேர்ப்பதில் மாற்றுக்கருத்து இல்லை.

கூண்டுக் குழுவுக்கு ஒரு ஆக்சிஜன் கருவியாவது செப்டம்பருக்கு முன் கைக்கு வர வேண்டும். அவசர அறுவடைக்கு ஐஸும் வண்டியும் யார் தருவது என்பதையும் அதற்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்.