ஒன்பது புள்ளி ஒன்பதும் ஒரு ஃப்ரீ சீட்டும்

  

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலிருந்து போன். "மாப்ள, ஒரு காலேஜ்ல ஸ்போர்ட்ஸ்ல ஃப்ரீ சீட்டு தர்றேங்கிறான். அவன்கிட்ட என்னென்ன எழுதி வாங்கணும்?"

கேட்டவன் என் பள்ளிக்கூட சிநேகிதன். பெயர் வேண்டாம். ஸ்கூல் டீமில் லெஃப்ட் அவுட் ஆடினவன், அதையே பெயரா வச்சுக்குவோம். இப்போ காரைக்கால் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்டில் வேலை. சாயங்காலம் கடற்கரை மணலில் இருபது பசங்களுக்குப் பந்து சொல்லித் தர்றான். அதில் பதினேழு வயசுப் பையன் ஒருத்தனுக்குத்தான் இந்த அழைப்பு.

அவன் கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரல. ஏன்னா 2015-ல் இதே கேள்வியை அவன் என்கிட்ட கேட்கல. நான்தான் கேட்க விடல. "போடா, ஃப்ரீ சீட்டுடா, யோசிக்காத"ன்னு பஸ் ஏத்தி விட்டதே நான்.

காரைக்கால் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம். தெரிஞ்சவங்களுக்கு திருநள்ளாறும் சீப்பான சரக்கும் மட்டும்தான் தெரியும்கிறது தனி வருத்தம். மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, இப்போ புதுச்சேரி யூனியன் பிரதேசம். தலைநகருக்குப் போக 130 கிலோமீட்டருக்கு மேல் தமிழ்நாட்டு ரோட்டில்தான் போகணும். வடக்கே பொறையாறு, தெற்கே நாகூர், ரெண்டுக்கும் டவுன் பஸ்ஸிலேயே போயிடலாம்.

இந்தக் கோடு விளையாட்டில் என்ன பண்ணும்னு பாருங்க. நாங்க படிச்ச காலத்தில் காரைக்கால் அண்ணா அரசு கலைக் கல்லூரி புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் கீழ். பக்கத்துல பொறையாறு டி.பி.எம்.எல். கல்லூரி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ். அடுத்தடுத்த ஊர். இயல்பா இதுதான் பெரிய போட்டியா இருந்திருக்கணும். ஆனா பல்கலைக்கழக இன்டர் காலேஜியேட்டில் இவங்க ரெண்டு பேரும் மோதவே முடியாது. காரைக்கால் டீமுக்கு வாய்ச்ச எதிரணி கேரளக் கரையில் இருக்கிற மாஹே. ஏன்னா அதுவும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். மாஹே பசங்க மலபார் பசங்க, பால் குடிக்கிற வயசிலேயே செவன்ஸ் பார்த்து வளர்ந்தவங்க. நம்மாளுங்க அவங்ககிட்ட வாங்கின கோல் கணக்கை இங்க எழுதி ஊர் மானத்தை வாங்க விரும்பல. பொறையாறு பசங்களோட நாங்க ஆடினதெல்லாம் கோயில் திருவிழா செவன்ஸில்தான். அதில் இருந்த வெறி வேற எங்கயும் கிடையாது.

படிப்புக்கான சீட்டு விஷயத்திலும் இதே கோடுதான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் தனியா இருக்கு. ஃபார்ம் ஒண்ணு சர்வதேசம், ரெண்டு தேசியம், மூணு பல்கலைக்கழகம், நாலு பள்ளி விளையாட்டுன்னு சர்டிஃபிகேட் பார்த்து மதிப்பெண் போட்டு ரேங்க் பட்டியல் வெளியிடுவாங்க. குறை இருக்கலாம், ஆனா பட்டியல்னு ஒண்ணு இருக்கு. காரைக்காலில் பிறந்து காரைக்காலிலேயே படிச்சவன் அந்த வரிசையில் நிக்க முடியாது. அவனுக்கு புதுச்சேரி சென்டாக். அதிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, பட்டியலும் உண்டு. ஆனா சீட்டு கொஞ்சம், கேட்கிறவங்க நிறைய.

அதே சமயம் எங்களுக்கு ஒரு வினோத வசதி. கால்பந்தில் புதுச்சேரி தனி மாநிலக் கணக்கு. சின்ன மாநிலம், டீமில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு கம்மி. தமிழ்நாட்டில் மாவட்ட டீமைத் தாண்டாத ஆட்டக்காரன் இங்க இருந்தா நேஷனல்ஸ் போய் ஃபார்ம் ரெண்டோட திரும்பிடலாம். அந்தப் பேப்பரைக் கையில் வச்சிருக்கிறவனை மோப்பம் பிடிச்சு சில காலேஜ்காரங்க வர்றாங்க.

வர்ற விதம் எப்படின்னா, லெட்டர் எதுவும் வராது. பழைய ஸ்டூடண்ட் ஒருத்தரோ உள்ளூர் கிளப் கோச்சோ நடுவில் இருப்பார். "ட்ரையல்ஸுக்கு வா தம்பி"ம்பார். போனா பி.டி. சார் அரை மணி நேரம் ஆட விட்டுப் பார்ப்பார். புடிச்சிருந்தா அங்கேயே கிரவுண்டு ஓரத்தில் பேரம். "டியூஷன் ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ்ஸுக்கு மட்டும் கட்டிக்கோ, ரெண்டு ஜோடி பூட்ஸ்." அவ்வளவுதான். எத்தனை வருஷத்துக்கு? அடிபட்டா என்ன? டீமில் எடுக்காட்டி என்ன? யாரும் கேட்க மாட்டாங்க. பையனுக்கு ஜெர்சி கலர்தான் கண்ணில் நிக்கும். அப்பா அம்மாவுக்கு "ஃப்ரீ"ங்கிற ஒரு வார்த்தை போதும்.

எல்லாரும் இப்படின்னு சொல்ல வரல. உள்ளூர்ப் பையன்களை எடுத்து, மூணு வருஷம் வச்சு, டிகிரியோட அனுப்புற பழைய கலைக் கல்லூரிகள் நிறைய இருக்கு. நான் சொல்றது வேற ஸ்டைல். டீமுக்கு இருபது பேர் போதும்னா நாப்பது பேரை எடுத்து வச்சுக்கிறது. ஆட வைக்க இல்ல, பக்கத்து காலேஜுக்குப் போயிடக் கூடாதுன்னு.

லெஃப்ட் அவுட் போனது அப்படி ஒரு இடத்துக்கு. தமிழ்நாட்டில் ஒரு தனியார் காலேஜ், அதுக்கு மேல் அடையாளம் வேண்டாம். 2015 ஜூனில் சேர்ந்தான். முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்ச். ரெண்டாம் வருஷ ஆரம்பத்தில் இடம் கிடைச்சுது, நல்லா ஆடினான். செப்டம்பரில் ஒரு மேட்ச், ஈரக் கிரவுண்டு, திரும்பும்போது முட்டி பிசகிடுச்சு. ஏ.சி.எல். கிழிஞ்சிருக்குன்னு ஸ்கேனில் தெரிஞ்சுது. ஊருக்கு வந்து, புதுச்சேரியில் ஆபரேஷன் பண்ணி, நாலு மாசம் கழிச்சு ஊன்றுகோலோட திரும்பிப் போனா, ஆபீஸில் ஒரு சலான் காத்துக்கிட்டிருக்கு. அந்த வருஷத்து டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், ரெண்டும் முழுசா. பி.டி. சார் "மேனேஜ்மென்ட் டிசிஷன்பா, நான் என்ன பண்றது"ன்னுட்டார். அவரையும் பெரிசா குறை சொல்லத் தோணல, அவரே கான்ட்ராக்ட் சம்பளம்.

கட்ட வழியில்லை. சரி, நின்னுடலாம், ஊர் காலேஜில் சேர்ந்துக்கலாம்னா பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் அவங்ககிட்ட. பாக்கியைக் கட்டினாத்தான் ஒரிஜினல். அவங்கப்பா வலை வித்துக் கட்டி மீட்டார். அதுக்குள்ள அடுத்த அட்மிஷனும் முடிஞ்சுது, ஆசையும் முடிஞ்சுது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018 அக்டோபரில் தெளிவா அறிவிப்பு போட்டுச்சு. இவனுக்கு ஒண்ணரை வருஷம் லேட்.

இப்போ கொஞ்சம் அமெரிக்கா. பொட்டி தட்டுறவன் பதிவுல அமெரிக்கா வராட்டி எப்படி?

ஆன்சைட் போயிருந்தப்போ டீம் லீட் புண்ணியத்தில் காலேஜ் ஃபுட்பால் பைத்தியம் கொஞ்சம் தொத்திக்கிச்சு. கையில் தூக்கிட்டு ஓடுற முட்டைப் பந்து, அதுக்கு ஏன் ஃபுட்பால்னு பேருன்னு யாரும் கேட்காதீங்க. அங்கேயும் நம்ம நாப்பது பேர் கதை நடந்திருக்கு, ரொம்பப் பெரிய அளவில். 1973-க்கு முன்னாடி ஒரு காலேஜ் எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம்னு நாடு முழுக்கப் பொதுவான வரம்பே கிடையாது. பணக்கார காலேஜ்கள் எதிரிக்குப் போகக் கூடாதுன்னே ஆளை அள்ளி வச்சுக்குவாங்கன்னு பேச்சு உண்டு. 1973-ல் என்.சி.ஏ.ஏ. 105-ன்னு கோடு போட்டுது. 1978-ல் அது 95. தொண்ணூறுகளின் முதல் பாதியில் 85. விளைவு என்னன்னா பெரிய காலேஜில் மூணாவது வரிசை பெஞ்சில் உக்காந்திருக்க வேண்டியவன் சின்ன காலேஜுக்குப் போய் முதல் பதினொண்ணில் ஆடினான். நேத்து வரைக்கும் அடி வாங்கிட்டிருந்த டீம்கள் திருப்பி அடிக்க ஆரம்பிச்சுது.

கள்ளத்தனம் நின்னுடல. 2009-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஒரே வருஷத்தில் 37 பேர்கிட்ட கையெழுத்து வாங்கினது பெரிய கூத்து. வருஷத்துக்கு 25 பேருக்கு மேல் புதுசா சேர்க்க முடியாதுங்கிறப்போ 37 கையெழுத்து எதுக்கு? அதுக்கப்புறம் அவங்க இருந்த கூட்டமைப்பு கையெழுத்துக்கே 28-ன்னு உச்ச வரம்பு போட்டுது, பிறகு அதையும் 25 ஆக்குச்சு.

நம்ம உதை பந்தாட்டத்துக்கு வந்தா இன்னும் சுவாரசியம். என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷனில் ஆண்கள் சாக்கருக்கு ரொம்ப வருஷமா இருந்த வரம்பு 9.9 ஸ்காலர்ஷிப். பத்துகூட இல்ல, ஒன்பது புள்ளி ஒன்பது. கிரவுண்டில் நிக்கிறது பதினோரு பேர். அந்த புள்ளி ஒன்பது யாருன்னு நான் கேட்டதுக்கு டீம் லீட் சிரிச்சார். முழுசா ஒருத்தருக்குத் தராம பாதி, கால்வாசின்னு பிச்சு இருபது இருபத்தஞ்சு பேருக்குப் பங்கு போடுவாங்களாம். கேட்க அல்பமா இருக்கு. ஆனா கால்வாசின்னா கால்வாசின்னு பேப்பரில் இருக்கும். மிச்சம் முக்கால்வாசி என் தலையில்தான்னு பையனுக்கு முதல் நாளே தெரியும்.

அடிபட்டவன் விஷயத்திலும் அவங்க ஒண்ணும் ஆரம்பத்திலேயே உத்தமர்கள் இல்ல. அதே 1973-ல் ஸ்காலர்ஷிப்பை வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரி மாத்திட்டாங்க. கோச்சுக்குப் பிடிக்கலன்னா அடுத்த வருஷம் கிடையாது. 2015 ஜனவரியில்தான் அஞ்சு பெரிய கூட்டமைப்புகள் சேர்ந்து, ஆட்டத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கூடாதுன்னு விதி கொண்டு வந்தாங்க. அதே வருஷம் ஜூனில்தான் நான் இவனை பஸ் ஏத்தி விட்டேன். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

இப்போ அங்க எல்லாமே தலைகீழ். 2025 ஜூன் 6-ல் ஒரு வழக்குச் சமரசத்துக்கு கோர்ட் ஒப்புதல் கொடுத்தது. அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு கிடையாது, அதுக்குப் பதிலா டீமில் மொத்தம் எத்தனை பேர்ங்கிற வரம்பு. ஃபுட்பாலுக்கு 105, ஆண்கள் சாக்கருக்கு 28. ஆட்டக்காரங்களுக்குக் காலேஜே நேரடியா காசும் தரலாம். எனக்கு முக்கியமா பட்டது வேற. இந்த 105-ஆல் உதவித்தொகை இல்லாம சும்மா ஆடிட்டிருந்த பசங்க டீமை விட்டுப் போகணுமேன்னு நீதிபதி கிளாடியா வில்கன் அந்த ஒப்புதலையே நிறுத்தி வச்சார். அவங்களை வரம்பில் சேர்க்காம வச்சுக்கலாம்னு வழி பண்ணின பிறகுதான் கையெழுத்து. பெஞ்சில் உக்காந்திருக்கிறவனுக்காக ஒரு கோர்ட் காத்திருக்கு!

நம்ம பக்கம் 'ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டை ஏத்துங்க'ன்னுதான் எல்லாரும் கேட்கிறோம். நானும் கேட்டவன்தான். இப்போ எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்ல. கணக்கில்லாத சீட்டு நாப்பதா இருந்தா என்ன, எம்பதா இருந்தா என்ன? கணக்கோட பத்து சீட்டு போதும். இந்த வருஷம் கால்பந்தில் இத்தனை பேருக்கு, இன்னின்ன சலுகை, இத்தனை வருஷத்துக்குன்னு காலேஜ் வெப்சைட்டில் ஒரு பக்கம் போடட்டும். அட்மிஷனில் ஒரு தாள் கையெழுத்தாகட்டும். ஆடி அடிபட்டாலும் படிப்பு முடியிற வரைக்கும் அது செல்லும்னு அதில் ஒரு வரி இருக்கட்டும். எழுதித் தரணும்னு வந்துட்டாலே நாப்பது பேரை வாங்கிப் போடுற பழக்கம் தானா குறையும். ஏன்னா அப்போ ஒவ்வொரு பெஞ்சுக்கும் மூணு வருஷ ஃபீஸ் கணக்கு எழுதணும்.

போன வருஷம் ஊருக்குப் போனப்போ தெரிஞ்ச பி.டி. சார் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்படி எழுதிக் கேட்டா எந்த மேனேஜ்மென்ட்டும் சீட்டே தராது. இப்ப வாய் வார்த்தையில பத்துப் பேராவது உள்ள வர்றான், அதையும் கெடுக்கப் போறீங்க"ன்னார். அவர் சொல்றதைத் தள்ளிட முடியல. லெஃப்ட் அவுட்டே ஒரு தடவை சொன்னான், "அந்த ஒண்ணரை வருஷம் நல்லாத்தான்டா இருந்துச்சு." அந்தப் பத்துப் பேரில் டிகிரியோட வெளிய வந்தவங்க எத்தனைன்னு நான் திருப்பிக் கேட்டேன். சார் டீயைக் குடிச்சு முடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

போனுக்கு வர்றேன். அன்னிக்கு ராத்திரியே உக்காந்து தமிழில் நாலு வரி டைப் பண்ணினேன். ஒண்ணு, எந்தெந்த ஃபீஸ் கிடையாது, எத்தனை செமஸ்டருக்கு. ரெண்டு, காயத்தால் ஆட முடியாமப் போனாலும் சலுகை தொடரும். மூணு, மைதானத்தில் அடிபட்டா வைத்தியச் செலவு யாருது. நாலு, ஒரிஜினல் சர்டிஃபிகேட் சரிபார்த்த அன்னிக்கே திரும்பத் தரப்படும். வாட்ஸப்பில் அனுப்பினேன். அவன் பிரிண்ட் எடுத்து, பையனோட அம்மாகிட்ட படிச்சுக் காட்டி, நடுவில் இருக்கிற ஆள்கிட்ட கொடுத்திருக்கான்.

புதன்கிழமை பதில் வந்திருக்கு. "இப்படியெல்லாம் எழுதித் தர்ற வழக்கம் இல்ல. நம்பிக்கை இருந்தா வரச் சொல்லுங்க."

பையன் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அம்மா, அண்ணன் சொல்றபடின்னுட்டாங்க. அண்ணன்னா லெஃப்ட் அவுட். அவன் எனக்குப் போன் பண்ணி, "நீ சொல்லு மாப்ள"ங்கிறான். சென்டாக்கில் ஊர் அரசுக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வைங்கன்னு மட்டும் சொன்னேன், போட்டுட்டாங்க. ட்ரையல்ஸ் வர்ற திங்கக்கிழமை. போகாதேன்னு என் வாயால சொல்ல முடியல. போன்னு சொல்லவும் வாய் வரல.

டிஸ்கி: உங்க காலேஜில் ஸ்போர்ட்ஸ் சீட்டு எழுத்தில் வாங்கினவங்க யாராவது இருந்தா, அந்தத் தாளில் என்ன வாசகம் இருந்ததுன்னு திங்கக்கிழமைக்குள்ள பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா. கும்மி அடிக்கிறதை இந்த ஒரு பதிவுக்கு ஒத்தி வச்சுக்கலாம்.