டாமின்: மலை அரசுக்கு, பணம் முதலாளிக்கு, தூசு நமக்கு

மேலூர் வட்டத்தின் இரண்டு வரலாறுகளைத் தனித்தனியாகப் பேசியே பழகிவிட்டோம். ஒன்று 1997 ஜூன் 30, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்த ஆறு பேரும் ஆதிக்கச் சாதியினரால் வெட்டிக் கொல்லப்பட்ட நாள். மற்றொன்று 2012இல் வெடித்த கிரானைட் ஊழல். முதலாவதைச் சாதிப் பிரச்சினை என்கிறோம், இரண்டாவதை ஊழல் பிரச்சினை என்கிறோம். மேலவளவும் கீழவளவும் ஒரே வட்டத்து ஊர்கள். கண்மாய், புறம்போக்கு, மலை ஆகிய பொதுச்சொத்து யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விதான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. அந்தக் கேள்வியோடு டாமின் என்ற அரசு நிறுவனத்தின் கதையைப் படிக்க வேண்டும் தோழர்களே.

தமிழ்நாடு கனிம நிறுவனம், சுருக்கமாக டாமின், 1977இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 8-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. கறுப்புக் கிரானைட் வெட்ட இனித் தனியாருக்குக் குத்தகை கிடையாது, அரசு நிறுவனம் மட்டுமே வெட்டலாம் என்றது அது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. 1981இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கனிமம் இன்றைய தலைமுறைக்கு மட்டும் சொந்தமானதல்ல, அதைப் பாதுகாக்கத் தனியாரைவிடப் பொதுத்துறையே பொருத்தமானது என்ற பொருளில் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பெழுதினார்.

நல்ல தீர்ப்பு. நாங்கள் இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறோம். ஆனால் தனியாரிடமிருந்து பிடுங்கிய மலையை அரசு என்ன செய்தது?

குத்தகை டாமின் பெயரில் இருந்தது. பல குவாரிகளில் கல்லை வெட்டும் வேலை தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் போனது. பிறகு வெட்டுவதும் விற்பதும் சேர்த்தே ஒப்பந்தமாகத் தரப்பட்டது. முன்வாசலில் வெளியே அனுப்பிய முதலாளியைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அரசுப் பலகைக்குப் பின்னால் தனியார் எந்திரம் ஓடியது.

இந்த ஏற்பாட்டில் நமக்கு என்ன நட்டம்? அரசு நிறுவனம் நேரடியாக ஆளெடுத்தால் இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. கணக்கர், மேற்பார்வையாளர், பொறியாளர் வரை நம் பிள்ளைகள் சட்டப்படி கேட்டு வாங்கலாம். ஒப்பந்தக்காரரிடம் போன வேலையில் அந்தச் சட்டம் நுழையாது. அவர் தன் சொந்தக்காரரை மேஸ்திரியாக வைப்பார். நம்மவர் கையில் சம்மட்டியும் துளைக்கருவியும்தான் மிஞ்சும். வருகைப் பதிவேடு, வைப்புநிதி, விபத்து இழப்பீடு என்று எதைக் கேட்டாலும் அரசு ஒப்பந்தக்காரரைக் காட்டும், ஒப்பந்தக்காரர் கங்காணியைக் காட்டுவார். கங்காணி முன்பணக் கடனைக் காட்டுவார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, டாமின் 1977இல் வந்தது. ஓராண்டு மூத்த அந்தச் சட்டம் குவாரி வாசலிலேயே நின்றுவிட்டது.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகச் செய்கிறது. சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. சட்டம் அறிவித்த தொழில்நோய் என்பதால் இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் நோயாளி தொழிலாளி என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டும். காகிதமே இல்லாதவருக்கு மருத்துவமனையில் காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கறுப்புக் கல் கப்பலேறிப் போய் அயல்நாட்டுக் கல்லறைகளில் மெருகோடு நிற்கிறது. அதை வெட்டியவர் செத்தால் சுடுகாட்டுக்குப் போகப் பாதை கேட்டு நாம் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

2012க்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதம் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, சட்டவிரோதக் கிரானைட் வெட்டலால் 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டது. சில நாட்களில் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். 2014இல் உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக அமர்த்தியது. 2015 நவம்பரில் அவர் தந்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அரசு நிறுவனம் காவல் இருந்த மாநிலத்தில்தான் இது நடந்தது. கோடிகளைக் கணக்கிட்டு எழுதிய ஊடகங்கள், அந்தக் கல்லை வெட்டியவர்களின் கூலி பாக்கியைக் கணக்கிட்டதாக நாங்கள் பார்க்கவில்லை.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, பொதுத்துறை என்றாலே ஊழல், தனியாரிடமே கொடுங்கள் என்கிறது ஒரு கூட்டம். அந்தப் பேச்சில் மயங்காதீர்கள். கொள்ளையடித்தது தனியார் லாபவெறி. அதற்குக் கதவைத் திறந்துவிட்டதுதான் அரசின் குற்றம். திறந்த கதவை மூடச் சொல்லாமல் வீட்டையே எழுதிக் கொடு என்பது என்ன நியாயம்?

அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அடிப்படைத் தொழில்களும் நிலமும் அரசுடைமையாக வேண்டும் என்றார். அதோடு நிறுத்தவில்லை. அரசுடைமையான நிலத்தைச் சாதி, சமய வேறுபாடின்றிக் கிராம மக்களிடம் தந்து கூட்டுப்பண்ணையாக நடத்த வேண்டும், நிலவுடைமையாளர், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற பிரிவே இருக்கக் கூடாது என்றார். டாமின் அந்தத் திட்டத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. உடைமை மாறியது, உழைப்பவரின் இடம் மாறவில்லை.

இரண்டாம் பாதி நடக்காத கனவு என்பார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே மாவட்ட நிர்வாகம் கல் குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்ற அதே பெண்கள் குவாரிக் கணக்கையும் பார்த்தார்கள். செய்ய முடியும் என்று ஒரு மாவட்டம் காட்டியது. மாநிலம் அதைத் தன் கொள்கையாக்கவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. டாமின் குவாரிகளில் ஒப்பந்த வெட்டலை நிறுத்தி நேரடி வேலை தர வேண்டும், அதில் இடஒதுக்கீடு வேண்டும். சிறு குவாரிகளைக் கல்லுடைக்கும் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குத் தர வேண்டும். வேலை செய்த அனைவருக்கும், பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கும் சேர்த்து, சிலிக்கோசிஸ் பரிசோதனை நடத்த வேண்டும். குவாரி நிலங்களில் 1892 அரசாணைவழி வந்த பஞ்சமி நிலம் எவ்வளவு என்று அளந்து வெளியிட்டு, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. டாமின் அரசு நிறுவனம், எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மாவட்டத்து டாமின் குவாரிகளின் சர்வே எண்கள், ஒப்பந்தக்காரர் பட்டியல், நேரடிப் பணியாளர்களில் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை, கடைசியாக நடந்த மருத்துவப் பரிசோதனையின் தேதி, இந்த நான்கையும் கேளுங்கள். சர்வே எண் கைக்கு வந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் அந்த நிலத்தின் பழைய பதிவேட்டைக் கேளுங்கள். பஞ்சமி நிலம் மீட்கும் போராட்டம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.