மார்ஃபின் மாத்திரையை இடிக்காதீங்க!

ஊர்ல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புற்றுநோய்னா, டில்லிக்குக் கூட்டிட்டு வந்து கரோல் பாக் வீட்டுல வெச்சுக்கிட்டு எய்ம்ஸுக்கு அலையற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கீமோவுக்குக் கடன் வாங்கியாவது செலவு பண்ணுவோம். ஆனா டாக்டர் மார்ஃபின் எழுதினா மட்டும் முகம் மாறிடும். "ஐயோ, அபினா? அடிமையாயிடுவாரே!" மருந்துத் துறையில இருக்கேன்னு தெரிஞ்சவங்க எல்லாரும் என்கிட்ட இதைத்தான் கேக்கறாங்க. இன்னிக்குக் கொஞ்சம் கோபமாவே பதில் சொல்றேன்.

மார்ஃபின் மாத்திரை ரெண்டு வகை. சாதா மாத்திரை அரை மணியில கேக்கும், நாலு மணி நேரம் தாங்கும். அட்டையில 'எஸ்.ஆர்.'னு போட்டிருக்கறது, 12 மணி நேரத்துக்கான மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். மருந்து ஒண்ணுதான், வேகம்தான் வேற.

இந்த வேகத்தைப் புரிஞ்சுக்காம நடக்கிற கூத்து கொஞ்சநஞ்சமில்லை. பாட்டியால முழுங்க முடியலைன்னு எஸ்.ஆர். மாத்திரையை இடிச்சுத் தேன்ல குழைக்கறாங்க. 12 மணி நேர மருந்து ஒரே அடியா உள்ளே போனா மூச்சே நின்னு போகலாம். இன்னொரு பக்கம், நடுராத்திரி திடீர்னு வலி வந்தா இன்னொரு எஸ்.ஆர். போடறாங்க. அது உடனே கேக்காது. விடியற்காலை அடுத்த வேளை மாத்திரையோட சேர்ந்துக்கிட்டு ஆபத்தாகும். இடையில வர்ற வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல சாதா மாத்திரைதான் வேணும்.

"மெதுவா வேலை செய்யறதுதானே பாதுகாப்பு?"ன்னு கேப்பீங்க. அமெரிக்காவில பர்டூ நிறுவனம் 1996ல ஆக்ஸிகான்டினை இறக்கிட்டு இதைத்தான் சொல்லி வித்தது. ஜனங்க அதைப் பொடியாக்கி மூக்கால உறிஞ்சினாங்க. அடிமைப்படுத்தற தன்மை குறைவுன்னு பொய் சொல்லி வித்த குற்றத்தை 2007ல நிறுவனம் கோர்ட்டுல ஒத்துக்கிச்சு. மெதுவான மாத்திரைன்னா மென்மையான மாத்திரை இல்லை.

ஆனா அந்தக் கதையைக் காட்டி இங்க பயமுறுத்தறவங்களைத்தான் என்னால பொறுத்துக்க முடியலை. அங்க பல்லைப் பிடுங்கினதுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாங்க. இங்க எலும்புக்குப் பரவின புற்றுக்கே கொடுக்க யோசிக்கறாங்க. மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் சட்டப்படி அபின் விளையுது, நீமச்சுலயும் காஜிபூர்லயும் அரசாங்க ஆலையே இருக்கு. 1985 போதைப்பொருள் சட்டத்தோட கெடுபிடியில மருந்து நோயாளிக்கு எட்டாமப் போச்சு. திருவனந்தபுரம் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா போராடி, 2014ல சட்டத்தைத் திருத்த வெச்சாங்க. அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரிகள் இன்னிக்கு மார்ஃபின் வெச்சிருக்கலாம். சட்டம் விட்ட பிறகும் நாம வீட்டுக்குள்ள தடை போட்டா என்ன நியாயம்?

டாக்டர் மேற்பார்வையில, வலிக்கு ஏத்த அளவுல கொடுத்தா, புற்றுநோயாளி அடிமையாகிற வாய்ப்பு குறைவு. உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால திடீர்னு நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: இது சாதாவா, எஸ்.ஆரா? இடையில வலிச்சா எது, எவ்வளவு? மலச்சிக்கலுக்கு என்ன மருந்து? கட்டாயம் மலச்சிக்கல் வரும், அதையும் கேளுங்க.

வலியைத் தாங்கறது பெரிய தவம்னு பேசறவங்க, அந்தக் கட்டில்ல ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துட்டு வந்து பேசட்டும்.