வாடை வந்ததும் ஒரு திருநாள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆண்டு மலரில் எழுதும் தோழியர் பலர் கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றி எழுதுவார்கள். சிலர் பொங்கலைப் பற்றி எழுதுவார்கள். நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சிடப்படாத ஒரு திருநாளைப் பற்றி எழுத எனக்கு ஆசை. ஐப்பசி மாதத்தில் முதல் குளிர்காற்று வீசும் நாளே அது. அந்த நாளைக் குடும்பத்தோடும் செபத்தோடும் நாம் கொண்டாட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. "காற்றுக்கு ஒரு கொண்டாட்டமா?" என்று நீங்கள் சிரிக்கக்கூடும். முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள், தோழியரே!

தூத்துக்குடியில் வாழும் நமக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பங்குனியில் தொடங்கும் வெக்கை புரட்டாசி வரை விடுவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று பலமாக வீசினாலும் அது குளிர்ச்சி தருவதில்லை. கண்ணில் மண்ணைத்தான் தூவுகிறது. இப்படிப்பட்ட ஊரின் தாய்க்குப் பனிமய மாதா என்று பெயர்! 1713-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டு, 1982-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்ற அக்கோவிலில் ஆகஸ்டு 5-ஆம் நாள் திருவிழா நடைபெறுகிறது. உரோமை நகரில் கடுங்கோடையில் ஒரு குன்றின்மேல் பனி பெய்தது என்ற பழைய வரலாற்றுக் கதையிலிருந்து வந்தது அப்பெயர். நம் ஊரில் பனி பெய்ததில்லை. திருவிழாக் கூட்டத்தில் நாம் வேர்த்து வழிகிறோம். வேர்த்துக்கொண்டே, குளிர்ச்சியின் பெயரால் தாயை அழைக்கிறோம். அந்தக் குளிர்ச்சி உண்மையாகவே வரும் நாளில் அவளுக்கு நன்றி சொல்ல மறந்துவிடலாமா?

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடகிழக்குக் காற்று திரும்பும் காலம் இது. பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அந்த அக்டோபர் மாதத்தைத்தான் 1883-ஆம் ஆண்டு திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் செபமாலைக்கு உரிய மாதமாக்கினார். அக்டோபர் 7-ஆம் நாள் செபமாலை அன்னையின் திருநாள். அவர் நம் ஊர்ப் பருவமழையை நினைத்து அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் காற்று திரும்பும் மாதமும் கை செபமாலையைத் தேடும் மாதமும் நமக்கு ஒன்றாகவே வாய்த்திருக்கின்றன. கிடைத்த வாய்ப்பை விடுவானேன்?

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அப்பா உப்பளத் தொழிலாளி. தை பிறந்ததும் மழையில் சிதைந்த பாத்திகளைச் செப்பனிட்டு, சேறு மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பின்பு உப்புநீரைப் பாய்ச்சிக் காயவிடுவார்கள். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, உப்பு அடியில் படிந்து விளையும். அதைப் பலகையால் வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிப்பார்கள். வெண்மையான உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் உப்புநீர் பட்டு எரியும். ஆனாலும் அந்த வெயில்தான் எங்களுக்குச் சோறு. முதல் மழை விழுந்தால் பாத்தியில் விளைந்திருக்கும் உப்பு கரைந்துபோகும். அம்பாரத்தின்மேல் ஓலை வேய்ந்து மூடிவிட்டு எல்லோரும் வீடு திரும்புவார்கள். மறுபடியும் வேலை தொடங்கத் தை வர வேண்டும். அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது. அது நன்றிக்குரிய உதவிதான். ஆயினும் அந்தப் பணம் எத்தனை நாள் அடுப்பை எரிக்கும் என்பதை அம்மாமார்கள் அறிவார்கள்.

ஆகவே, எங்கள் வீட்டில் முதல் குளிர் என்றால் அப்பாவின் கூலி நின்றுவிட்டது என்று பொருள். அந்த நாளைத்தான் எங்கள் ஆச்சி திருநாளாகக் கொண்டாடுவார்!

ஐப்பசி பிறந்துவிட்டால் ஆச்சி மாலைதோறும் முற்றத்தில் நின்று முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். "வாடை வந்துட்டு" என்று அவர் சொன்னால் வீட்டில் வேலைகள் தாமாக நடக்கும். பழைய சேலைகளை மடித்துத் தைத்த போர்வைகள் பெட்டியிலிருந்து வெளியே வரும். அம்மா சீனிக்கிழங்கு அவிப்பார். சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி கொதிக்கும். ஏழு மணிக்கு மாதா படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி, அனைவரும் முழங்காலிட்டு 53 மணிச் செபமாலை சொல்வோம். தம்பி மூன்றாம் பத்திலேயே தூங்கி விழுவான். முடிந்தபின் ஆச்சி ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை வரைவார். பிறகுதான் கிழங்கும் காப்பியும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது மழை வழக்கத்தைவிட முந்திக்கொண்டது. அப்பா அந்த வாரக் கூலியை அம்மாவின் கையில் கொடுத்து, "இனி தைக்குத்தான்" என்றார். எனக்குப் புதுச் சீருடை வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அது இனி நடக்காது என்று அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துகொண்டேன். ஆச்சியோ கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சம்பளம் நின்ன நாளை எதுக்கு ஆச்சி கொண்டாடணும்?" என்று கத்திவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டார். அதைப் பார்த்ததும் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாதா என்றிருந்தது.

ஆச்சி திட்டவில்லை. "ஏட்டி, ஒன் அம்மையப் பெத்த தாத்தாவுக்கு இன்னைக்குத்தான் வானத்துல இருந்து சோறு விழுது. நம்ம பாத்திக்கு மட்டுமா ஆண்டவர் வானத்தைப் படைச்சாரு?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பூமி. அங்கே ஆறும் இல்லை, கால்வாயும் இல்லை. மானாவாரி நிலத்தில் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் விதைக்க இந்த மழையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அன்றிரவு செபமாலை முடிந்தபின் தாத்தா தொலைபேசியில் அழைத்தார். அப்பாதான் எடுத்துப் பேசினார். "அங்க எப்படி மாமா, ஈரம் நல்லா இறங்கியிருக்கா? அப்போ நாளைக்கே விதைச்சிருங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே பேசியதை நான் கேட்டேன். தம் வேலை போன அதே நாளில், அதே மழைக்காக, வேறொருவர் பொருட்டு மகிழ அவரால் முடிந்தது. நன்றி என்றால் என்ன என்பதை அன்றைக்கு அப்பாவிடம் படித்தேன்.

எங்கள் தமிழம்மா பத்துப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, நக்கீரர் பாடிய நெடுநல்வாடை என்ற பெயருக்குப் பொருள் விளக்கினார். ஒரே வாடைக்காற்றுதான். தலைவனைப் பிரிந்து அரண்மனையில் வாடும் அரசிக்கு அது முடியாத நெடிய வாடை. பாசறையில் வெற்றியை நோக்கி நிற்கும் அரசனுக்கு அது நல்ல வாடை. எனக்கு உடனே எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு நெடுவாடை, தாத்தாவுக்கு நல்வாடை. இரண்டும் ஒரே குடும்பத்தில்! ஆகவேதான் இந்த நாளைத் தனியே கொண்டாட முடியாது, குடும்பமாகத்தான் கொண்டாட வேண்டும் என்கிறேன். தனியாக இருப்பவருக்குத் தம் பாத்தி மட்டுமே தெரியும். கூடி முழங்காலிடும்போது மற்றவரின் நிலமும் தெரிகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

"மழை எப்போதும் நல்லதா? 2023 டிசம்பரை மறந்துவிட்டாயா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அம்மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செண்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நம் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. உப்பளக் கரைகள் உடைந்தன. மூடிவைத்த அம்பாரங்களும் கரைந்தன. எங்கள் வீட்டில் கட்டில்வரை தண்ணீர். அந்த மழைக்கு நான் நன்றி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அன்றிரவு இருட்டில் எங்கள் கைகள் தேடியதும் செபமாலையைத்தான். செபமாலையில் மகிழ்ச்சி நிறை மறையுண்மைகள் மட்டும் இல்லையே! துயர் நிறை மறையுண்மைகளும் இருக்கின்றன. குளிர்காற்றில் காப்பி மணத்தோடு கற்றுக்கொண்ட செபம்தான் வெள்ளத்தில் நடுங்கியபோது வாயில் வந்தது. நல்ல நாளில் பழகாத செபம் கெட்ட நாளில் எப்படி வரும்?

"ஏழு மணிக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?" என்பது அடுத்த மறுப்பு. நேரம் இருக்கிறது, பெற்றோர்களே! ஒருவர் தொலைக்காட்சி முன்னும், மற்றவர் கைப்பேசி முன்னும், மூன்றாமவர் பாடப்புத்தகத்தின் முன்னுமாக ஒரே வீட்டில் தனித்தனித் தீவுகளாக அமர்ந்திருக்கும் நேரம்தான் அது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2002-இல் ஒளி நிறை மறையுண்மைகளைச் சேர்த்தபோது, குடும்பங்களில் செபமாலை மீண்டும் ஒலிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இருபது நிமிடம் போதும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் நானே இதைச் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. "செபம் வயிற்றை நிரப்புமா?" நிரப்பாது. வெறுமனே மணி உருட்டினால் நிரப்பவே நிரப்பாது. ஆனால் நாம் எதைத் தியானிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மகிழ்ச்சி நிறை மறையுண்மைகளில் இரண்டாவது, அன்னை மரியாள் மலைநாட்டுக்கு நடந்துபோய் எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது. ஒளி நிறை மறையுண்மைகளில் இரண்டாவது, கானாவூர்த் திருமணம். அங்கே அடுத்தவர் வீட்டில் என்ன குறைகிறது என்று முதலில் கண்டவர் யார்? நம் தாய்தான்! இவற்றைத் தியானித்துவிட்டு, அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாராமல் நாம் போர்த்திக்கொண்டு உறங்கினால், நாம் சொன்னது செபமாலை ஆகுமா?

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. தோழியரே, வாடை திரும்பும் நாளில் உங்கள் வீட்டில் செபமாலை சொல்லுங்கள். அதில் ஒரு பத்து மணியை உப்பளத் தொழிலாளருக்காகவும், கடல் சீறும்போது தொழிலுக்குப் போக முடியாத மீனவருக்காகவும் ஒப்புக்கொடுங்கள். வீட்டில் உள்ள அதிகப்படிப் போர்வை ஒன்றை வெளியே எடுத்து, யாருக்கு வேண்டும் என்று தேடுங்கள். பெற்றோர்களே, வேறு சமயத்தைச் சேர்ந்த அண்டை வீட்டாருக்கும் அன்று ஒரு குவளைக் காப்பி கொடுங்கள். தீபாவளிக்கு அவர்கள் நமக்குப் பலகாரம் தருகிறார்களே! அன்புள்ள அருட்சகோதரியர்க்கு ஒரு பணிவான விண்ணப்பம்: நம் பள்ளியில் அக்டோபர் மாதம் சொல்லும் செபமாலையின்போது ஒரு சிறிய பெட்டி வைக்கலாம். வேலை நின்ற வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுக்கும் சீருடைக்கும் அது உதவும். யாருக்குக் கொடுத்தோம் என்பது தாய்க்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வாங்கும் பிள்ளையின் மனத்தை அறிந்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

தானியேல் ஆகமத்தில் மூன்று இளைஞர்கள் தீச்சூளையில் எறியப்படுகிறார்கள். நெருப்பின் நடுவில் நின்றுகொண்டு அவர்கள் ஆண்டவரைப் புகழும்படி படைப்புகளை அழைக்கிறார்கள். வெப்பத்தை அழைக்கிறார்கள், குளிரையும் பனியையும்கூட அழைக்கிறார்கள். உப்பளத்தில் நிற்கும் அப்பாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூவரும் நினைவுக்கு வருகிறார்கள். வெயில் அவருக்குச் சோறு கொடுக்கிறது. குளிர் அவருக்கு ஓய்வு கொடுக்கிறது. இரண்டையும் தந்தவர் ஒருவரே.

ஆச்சிக்கு இப்போது முழங்காலிட முடிவதில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே செபம் சொல்கிறார். முற்றத்தில் நின்று காற்றுப் பார்க்கும் வேலை இந்த ஆண்டு எனக்கு வந்திருக்கிறது. பழைய சீருடையின் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தெற்கே பறந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன்: "ஆச்சி, வாடை வந்துட்டு!"

அடுப்பில் கிழங்கு வைக்க அப்பாவே எழுந்தார்.