மருந்து எந்தப் பக்கம்?

காப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அடிப்புறத்தில்தான் இருக்கின்றன. செடி கரியமில வாயுவை இழுப்பது அவற்றின் வழியே. துரு நோய் நுழைவதும் அவற்றின் வழியேதான்! 1869-ல் இலங்கையில் தோன்றிய அந்நோயால், இருபது ஆண்டுகளில் காப்பி போய்த் தேயிலை வந்தது. மலையேறிய தமிழ்த் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர்.

துளையை மூடிக்கொள்ளலாமே என்பீர்கள். பாக்டீரியா பட்டதும் கடுகு இனச் செடியொன்று அப்படி மூடிக்கொள்வதை 2006-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தார் கண்டனர். கிருமி லேசுப்பட்டதா? சில மணி நேரத்தில் நஞ்சைக் கக்கித் திறக்க வைத்துவிட்டது! மூடியே கிடந்தாலோ செடிக்குப் பட்டினி.

ஆகவே காவல் நம் பொறுப்பு. மழைக்கு முன்பே, இலையின் அடிப்புறம் நனையும்படி போர்டோ கலவை அடிக்க வேண்டும். செடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், குனிந்து அடிக்க யாருக்குப் பொழுதிருக்கும்? நாள் கூலி கொடுங்கள், ஐயா!