தேருக்கே வெள்ளோட்டம் உண்டு, பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?



புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் யார் முகத்திலும் களை இல்லை. விசாரித்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது 19. எஸ்.பி.எம். பாஸ் செய்தவள். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை 10 மணிக்கு இருக்க வேண்டிய பிள்ளை, 11.30-க்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். "ஆள் எடுத்தாச்சு" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்களாம்.

"ஏம்மா, வழி கேட்டுப் போகக் கூடாதா?" என்றேன்.

"இதுக்கு முன்னாடி நான் தனியா பட்டணம் போனதே இல்லீங்க மாமா. எதிர்ப்பக்கம் போற ரயில்ல ஏறிட்டேன். பயத்துல யாரையும் கேக்கவும் வாய் வரல."

அப்பா குறுக்கிட்டார்: "வயசுப் பிள்ளைய எப்படிங்க தனியா பட்டணத்துக்கு அனுப்புறது?"

அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். தனியாக அனுப்பத்தான் செய்தார். ஆனால் எந்த நாளில் பிள்ளை தடுமாறக் கூடாதோ, அந்த நாளில் முதன்முதலாக அனுப்பினார். கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் திருவிழாவன்றா முதலில் இழுக்கிறோம்? அதற்கு முன்பே வெள்ளோட்டம் விடுகிறோம். சக்கரம் எங்கே சிக்குகிறது, எந்த முடுக்கில் திரும்ப மறுக்கிறது என்று பார்த்துக்கொள்கிறோம். மரத் தேருக்குக் காட்டும் முன்யோசனையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

"எங்க பிள்ளைங்க பட்டணம் பார்க்காததா? வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பத்துமலை போறோமே" என்று சிலர் கேட்கலாம். போகிறோம், ஐயா! ஒரே பஸ்ஸில் தோட்டமே ஏறிப் போய், ஒன்றாகவே திரும்புகிறோம். கூட்டத்தோடு போனால் கால் நடக்கும், வழி மனதில் பதியாது.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. நம் பாட்டன் பாட்டிமார் கடலையே தாண்டி வந்தவர்கள்தாம். ஆனால் எப்படி வந்தார்கள்? கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார். எந்தத் தோட்டம், என்ன வேலை, என்ன சம்பளம் என்பதற்கெல்லாம் அவர் சொன்னதுதான் வேதம். கூட்டி வந்தவர்களின் தலையை எண்ணித் தலைக்காசும் வாங்கிக்கொண்டார். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி போய்விட்டார். ஆனால் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியூர் போக வேண்டும் என்ற பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இன்றைக்கும் கங்காணிகள் உண்டு. கையில் போன் வைத்திருக்கிறார்கள், 'ஏஜெண்டு' என்று பெயர். "நீ ஒண்ணும் கவலப்படாத தம்பி, ஐ.சி.யை மட்டும் கொடு, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். 2022-ஆம் ஆண்டில் கம்போடியாவிலும் மியன்மாரிலும் கைநிறையச் சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போய், அடைபட்டுக் கிடந்த மலேசிய இளைஞர்களை மீட்டு வரவேண்டி இருந்ததை நாடே பார்த்தது. வழி தெரியாதவனுக்கு வழி காட்டுகிறவனே எஜமான். நம் பிள்ளைகள் தாமாகப் போய்வரக் கற்றுக்கொண்டால்தான் அந்த எஜமானின் பிடி தளரும்.

தோட்டத்தில் வேலை இருந்த காலத்தில் பட்டணம் தேவைப்படவில்லை. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் போதும். இன்று பால் மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ ஆண்டாகிவிட்டது. நம் பிள்ளைகள் அந்த வேலையை எதிர்பார்த்து இருக்கவும் இல்லை, இருக்கவும் வேண்டாம். படிப்பு, வேலை, பெரிய ஆஸ்பத்திரி என்று ஏதோ ஒன்றுக்குக் கோலாலம்பூர் போய்த்தான் ஆகவேண்டும். கோலசிலாங்கூரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்தான் தூரம். தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கத்தவர்களுக்கு இன்னும் கூடுதல்.

ஆகவே இளைஞர்களே, வெள்ளோட்டத்துக்கு ஒரு நாளைக் குறியுங்கள். எந்த அவசர வேலையும் இல்லாத நாளாக இருக்கட்டும். இரண்டு மூன்று கூட்டாளிகள் சேர்ந்துகொள்ளுங்கள். முதல் தடவை சேர்ந்து போங்கள், அடுத்த தடவை தனியாகப் போங்கள்.

போகிற பஸ்ஸைவிடத் திரும்பி வருகிற பஸ்தான் முக்கியம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக்கு முந்தின பஸ்ஸில் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். அதைத் தவறவிட்டாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்துப் பிள்ளைகளை யாராவது சுங்கை பூலோ வரை கொண்டுபோய் விட்டால் போதும். அங்கே கே.டி.எம். கொமுட்டர் ரயிலும் உண்டு, எம்.ஆர்.டி. ரயிலும் உண்டு. கொமுட்டரில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் போகலாம். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான். எம்.ஆர்.டி.யின் புத்ராஜெயா தடத்தில் ஏறினால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இரட்டைக் கோபுரத்துக்கும் பக்கத்திலேயே இறங்கலாம். ஏறுவதற்கு முன் அந்த ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊரின் பெயரைப் பலகையில் படியுங்கள். அந்தப் பெண் செய்த தவறு இதில் வராது.

காசை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். திரும்பி வரும் பஸ் காசைத் தனியே மடித்து வையுங்கள், பசித்தாலும் அதைத் தொடாதீர்கள். வீட்டு நம்பரையும் போகிற இடத்து முகவரியையும் தாளில் எழுதிப் பையில் போடுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தால் தாள் பேசும். வழி கேட்பதாக இருந்தால் கவுண்டரில் இருப்பவரையோ போலீஸ்காரரையோ கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வேலைக்கென்று போனால் கம்பெனியின் பெயர், தெரு, மாடி எல்லாம் எழுத்தில் வேண்டும். இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. படிப்பும் கேட்காமல் அனுபவமும் கேட்காமல் அதைப்போல் நாலு மடங்கு தருகிறேன் என்பவனைச் சந்தேகப்படுங்கள். "டெப்பாசிட் கட்டு" என்றாலோ, பேங்க் கார்டைக் கொடு என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஐ.சி.யை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பேங்கிலிருந்து காசு ஏமாற்றுக்காரன் கைக்குப் போய்விட்டால், அழுதுகொண்டு நிற்காமல் உடனே 997-க்குப் போன் செய்யுங்கள். ஆபத்து என்றால் 999.

பெற்றோருக்கும் ஒரு சொல். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து பிள்ளையைப் பதற வைக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், பஸ் ஏறியதும் ஒரு போன் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். மகன் என்றால் மோட்டார் சைக்கிள் சாவியைத் தூக்கிக் கொடுக்கிறோம், எங்கே போகிறான் என்றுகூடக் கேட்பதில்லை. மகள் என்றால் கடைத்தெருவுக்கே துணை தேடுகிறோம். இது நியாயமா? ஆபத்து இருவருக்கும் உண்டு, திட்டமும் இருவருக்கும் வேண்டும். பூட்டி வைத்த பெண் என்றாவது ஒரு நாள் வெளியே போகத்தான் போகிறாள். அன்று அவளுக்கு வழி தெரிந்திருப்பதுதான் அவளுக்குத் துணை.

புக்கிட் ரோத்தான் பெண்ணுக்கு இன்னொரு இடத்திலிருந்து கடிதம் வரும். அதற்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கோலாலம்பூர் போய்வரட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

உங்கள் வீட்டில் எப்போது கேட்கப் போகிறீர்கள்?