ஏரிக்கரையில் கல்யாணம்! பாட்டி படம் எங்கே?

தாலி கட்டும் நேரம். கெட்டி மேளம் கொட்டுகிறது. வந்தவர்கள் எல்லாரும் அட்சதை தூவுகிறார்கள். அது மணமக்கள் தலையில் விழவில்லை. போட்டோக்காரர்களின் முதுகில் விழுகிறது!

கல்யாண மண்டபங்களில் இது பழகிப்போன காட்சி. இந்த நெருக்கடியே வேண்டாம் என்று சிலர் மலைக்குப் போய்க் கல்யாணம் செய்கிறார்கள். கோடைக்கானலில் ஏரியைப் பார்த்தாற்போல ஒரு புல்தரை. அதில் சிறு பந்தல். நெருங்கிய சொந்தம் ஐம்பது பேர். அவசரம் இல்லை. "மண்டபத்தைக் காலி செய்யுங்கள்" என்று விரட்ட ஆள் இல்லை.

ஆனால் போட்டோக்காரரும் கூடவே வருகிறாரே! மண்டபத்தில் செய்ததையே அவர் அங்கும் செய்தால், மலை ஏறியதில் என்ன பயன்?

யாருக்குக் கல்யாணம்?

முகூர்த்தம் முடிந்ததும் மணமக்களைக் கரைக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள்.

"இங்கே பாருங்க! கையைப் பிடிங்க! மறுபடியும் நடந்து வாங்க!"

ஒன்றரை மணி நேரம் ஓடிவிடுகிறது. பந்தலில் பாட்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். வத்தலக்குண்டு தாண்டியதில் இருந்து, வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தவர் அவர். பேத்தியை ஆசீர்வதிக்க வந்தவருக்குப் பேத்தி கிடைக்கவில்லை!

இது சரி அல்ல. பத்து ஆண்டு கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது வீட்டார் தேடப் போவது பாட்டியின் முகத்தைத்தான். ஏரி எங்கும் போய்விடாது. 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சின் முயற்சியால் உண்டான ஏரி அது. 160 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு போனாலும் பார்க்கலாம். பாட்டி?

இன்னும் ஏன் அதட்டல்?

நல்ல போட்டோக்காரர் ஒதுங்கி நிற்பார். தூரத்தில் நின்றே முகத்தைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் இப்போது இருக்கிறது. மூன்றாவது முடிச்சைப் போடும்போது நாத்தனார் முகத்தில் வரும் குறும்பு, அப்பா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைப்பது, இவற்றை எல்லாம் சொல்லி வரவழைக்க முடியுமா? காத்திருந்துதான் பிடிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அசையாமல் இருக்கத்தான் வேண்டி இருந்தது. 1839-ல் பிரான்சு நாட்டு டாகரின் முறை வெளியானபோது, ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. இன்று ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆனாலும் "அசையாதீங்க!" என்ற அதட்டல் மட்டும் போகவில்லை!

பனி வந்தால் பதறாதீர்கள்

ஏரிக்கரைப் படம் வேண்டாம் என்பது அல்ல. அதற்கு நேரம் இருக்கிறது. விடிந்த கொஞ்ச நேரத்தில், காற்று எழும்பும் முன்பு, தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும். கரை மரங்கள் தலைகீழாகத் தெரியும். அப்போது கால் மணி நேரம் போதும்.

கோடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மேகம் இல்லாத உச்சி வேளையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். பிற்பகலில் பல நாள் மூடுபனி ஏறி வரும். "படம் கெட்டது" என்று சிலர் தலையில் கை வைக்கிறார்கள். அது தவறு. பனிக்குள் வெளிச்சம் மெத்தென்று பரவும். பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம்கூட அதில் அழகாக இருக்கும்.

கேமராதான் ஏமாறும். வெள்ளைப் பனியைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே அளவைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். பிளாஷ் போடக் கூடாது. போட்டால் பனித்துளிகள் வெள்ளைப் புள்ளிகளாகப் படம் முழுவதும் விழும்.

இன்னொன்று. குளிரில் இருந்த கேமராவை, சாம்பார் ஆவி பறக்கும் சாப்பாட்டு அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் படிந்துவிடும். பைக்குள் வைத்து இறுக மூடிக் கொண்டுபோய், அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும்.

அந்த நேரத்தில் போட்டோக்காரரும் உட்கார்ந்து சாப்பிடலாம். பாட்டிக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தால் இன்னும் நல்லது. யார் யாருக்கு என்ன உறவு என்பதை அவர் பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்!